கேள்விகள் நின்றுபோன வாரம்: மருந்தகத்துக்கு வந்த ஒரு தன்னார்வ மாணவி பற்றிய நிகழ்வு ஆய்வு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த நிகழ்வில் எந்த நோயாளிக்கும் எதுவும் ஆகவில்லை. தவறான மாத்திரை ஒன்று நோயாளியின் பெயர் ஒட்டிய தட்டு வரை வந்தது. அங்கேயே பிடிபட்டது. "ஒண்ணும் நடக்காததுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய அறிக்கை?" என்று உடன் வேலை செய்பவர் ஒருவர் கேட்டார். ஏதாவது நடந்திருந்தால் நாங்கள் எல்லோருமே தற்காப்பாகத்தான் பேசியிருப்போம். ஒன்றும் நடக்காததால்தான் அந்த மாணவியும், மருந்தகத்தில் மருந்துகளை எடுத்து வைக்கும் டெக்னீஷியனும், நானும் ஒரே மேசையில் உட்கார்ந்து உள்ளதை உள்ளபடி பேச முடிந்தது. அந்தப் பேச்சின் பதிவுதான் இது. மாணவியின் ஒப்புதலோடு எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன்.

வந்தவர், வந்த வேலை

அவர் பார்மசி படிப்பில் இரண்டாம் ஆண்டு. வாரத்துக்கு இரண்டு மாலை, ஒவ்வொரு மாலையும் 3 மணி நேரம். உள்நோயாளிகளுக்கு மருந்து அனுப்பும் மருந்தகத்தில் நான் மூத்த மருந்தாளுநர்; தன்னார்வலர்களுக்குப் பொறுப்பும் நான்தான்.

முதல் நாள் வழக்கமான சடங்குகள். நோயாளி பற்றிய எதையும் வெளியே பேசமாட்டேன் என்று கையெழுத்து, தடுப்பூசிப் பதிவு, அடையாள அட்டை, கை கழுவும் முறை, விரல்களை மூடிய செருப்பு. பிறகு எதையெல்லாம் தொடக்கூடாது என்ற பட்டியல். பூட்டிய அலமாரியில் இருக்கும் போதைத்தன்மை கொண்ட மருந்துகள், புற்றுநோய் மருந்து தயாரிக்கும் அறை, ஊசி மருந்து கலக்கும் சுத்த அறை, தொலைபேசியில் வரும் ஆர்டர். இவற்றில் எதுவும் மாணவர்களுக்குக் கடினமாக இருப்பதில்லை. கடினமானது வேறொன்று. வார்டுக்கு மருந்து கொண்டுபோகும்போது யாராவது "இந்த மாத்திரை எதுக்கும்மா?" என்று கேட்பார்கள். பதில் நேற்றுதான் வகுப்பில் படித்ததாக இருக்கும். இருந்தாலும், "மருந்தாளுநரிடம் சொல்கிறேன், அவர் வந்து விளக்குவார்" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். படித்ததைச் சொல்லாமல் அடக்கிக்கொள்வது இரண்டாம் ஆண்டு மாணவருக்கு எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். இவர் அதைச் சுலபமாகவே செய்தார்.

அவருக்குக் கொடுத்த வேலைகள் நான்கைந்து. வந்த சரக்கை அலமாரியில் அடுக்குவது, காலாவதித் தேதி பார்ப்பது, எண்ணும் தட்டுகளைத் துடைப்பது, அவசரமில்லாத மருந்துகளை வார்டுகளுக்குக் கொண்டுபோவது, வார்டிலிருந்து திரும்பி வரும் மருந்துகளைப் பிரிப்பது. மருந்துகளின் செயல்முறையைக் கற்றுக்கொள்ளும் கனவோடு வருகிறவருக்கு இவை ஏமாற்றமாகத்தான் இருக்கும். எனக்கு இதில் சங்கடம் கிடையாது. காலாவதி பார்க்கும் வேலையில் ஒரு மாணவர் கற்றுக்கொள்வது நிறைய. முதலில் காலாவதி ஆகப்போகும் மருந்து முன்னால், தேதி அதிகம் உள்ளது பின்னால். மாதமும் ஆண்டும் மட்டும் அச்சிட்டிருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள் வரை பயன்படுத்தலாம். கத்தரித்த அட்டையில் தேதி இருந்த முனை போய்விட்டிருந்தால், உள்ளே இருப்பது எவ்வளவு நல்ல மாத்திரையாக இருந்தாலும் அலமாரிக்குத் திரும்பக் கூடாது. ஒரு மாலை முழுவதும் பெட்டி பெட்டியாகப் பார்த்தால் எந்த மருந்து வேகமாகப் போகிறது, எது தூசி படிந்து கிடக்கிறது என்று கைக்கே தெரிந்துவிடும்.

எண்ணும் தட்டையும் அப்படி ஒதுக்கிவிட முடியாது. ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணுவதை யாரும் பத்து நிமிடத்தில் பழகிவிடலாம். ஆனால் பென்சிலின் வகை மாத்திரை எண்ணிய தட்டில் ஒட்டியிருக்கும் தூள் அடுத்த மருந்தோடு போனால், ஒவ்வாமை உள்ளவருக்கு அந்தத் தூளே போதும். தட்டைத் துடைப்பதைத் துப்புரவு வேலை என்று நினைத்தவர் அதைக் கேட்டதும் இன்னொரு முறை துடைத்தார்.

முதல் வாரம் இவர் சின்ன நோட்டு ஒன்றை வைத்துக்கொண்டு கேள்வி மேல் கேள்வி கேட்டார். அந்த நோட்டைப் பின்னால் எங்களுக்குக் காட்டினார். முதல் மாலை மட்டும் 14 கேள்விகள். அவற்றில் ஒன்பதாவது: "ஹைட்ரலசின், ஹைட்ராக்சிசின் ரெண்டும் ஒரே மருந்தா அக்கா?" எங்கள் டெக்னீஷியன், "இல்லம்மா, ஒண்ணு பிரஷருக்கு, ஒண்ணு அரிப்புக்கு. பேரு மட்டும்தான் அக்கா தங்கச்சி மாதிரி" என்று சொன்னதையும் அப்படியே எழுதி வைத்திருந்தார்.

இந்த ஒன்பதாவது கேள்வி கடைசி வரை நம்மோடு வரும்.

பெயர்கள்

ஆங்கில எழுத்தில் இரண்டு பெயருக்கும் 11 எழுத்து. முதல் 4 எழுத்து ஒன்று, கடைசி 4 எழுத்தும் ஒன்று. நடுவில் இருக்கும் 3 எழுத்து மட்டும் வேறு. இரண்டும் 10, 25, 50 மில்லிகிராம் அளவுகளில் வருகின்றன. அகர வரிசையில் அடுக்கினால் ஒரே அலமாரித் தட்டில் சில பெட்டிகள் தள்ளி உட்கார்ந்துவிடும். பெயர் வைத்தவர்கள் திட்டமிட்டுச் செய்தது போலத் தோன்றும்.

வேலையோ முற்றிலும் வேறு. ஹைட்ரலசின் ரத்தக் குழாய்களைத் தளர்த்தி ரத்த அழுத்தத்தைக் குறைக்கும். அரிப்புக்கு மாத்திரை கேட்டவருக்கு இதைக் கொடுத்தால் தலைவலியும் படபடப்பும் வரலாம், அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம். ஹைட்ராக்சிசின் பழைய தலைமுறை ஒவ்வாமை மருந்து. அரிப்புக்கும் பதற்றத்துக்கும் கொடுப்பார்கள். ரத்த அழுத்தக்காரருக்கு இது போனால் அவர் தூங்குவார், அழுத்தம் இருந்த இடத்திலேயே இருக்கும். அதோடு, இதயத் துடிப்பின் மின்னோட்டத்தில் ஏற்கெனவே கோளாறு உள்ளவருக்கு அதை இன்னும் மோசமாக்கக்கூடிய மருந்து அது.

இந்த ஜோடி ஊரறிந்தது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2001-ல் குழப்பம் தரும் 16 பெயர் ஜோடிகளின் தோற்றத்தை மாற்றும்படி தயாரிப்பாளர்களைக் கேட்டுக்கொண்டபோது இதுவும் பட்டியலில் இருந்தது. பெயரில் மாறுபடும் பகுதியை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிடும் முறை அப்படித்தான் பரவியது. எங்கள் பெட்டி லேபிள்களும் அந்த முறையில்தான் இருந்தன. அது எந்த அளவுக்கு உதவுகிறது என்பதில் ஆய்வுகள் ஒரே முடிவைச் சொல்வதில்லை. எங்கள் நிகழ்வில் துளியும் உதவவில்லை. ஏன் என்பது கீழே வரும்.

மூன்றாவது வாரம், இரண்டாவது மாலை

வார்டு ஒன்றிலிருந்து திரும்பி வந்த மருந்துக் கூடையை அவர் பிரித்துக்கொண்டிருந்தார். டிஸ்சார்ஜ் ஆனவர்களுக்கும், மருந்து மாற்றப்பட்டவர்களுக்கும் போய் மிச்சமானவை. அதில் ஹைட்ரலசின் 25 மி.கி. முழு அட்டைகள் இரண்டு இருந்தன. அதே கூடையில் திறக்காத இன்சுலின் பேனா ஒன்றும் இருந்தது.

இன்சுலின் பேனாவை அவர் கையாண்ட விதம் பாடப்புத்தகத்தில் போடலாம். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும், உறைந்துபோனால் வீண். கையில் எடுத்துப் பார்த்து, குளிர்ச்சியாக இருக்கிறது, சரி என்று ஃப்ரிட்ஜில் வைத்துவிடும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். பேனாவைப் பார்த்து அது வார்டு மேசையில் எத்தனை மணி நேரம் கிடந்தது என்று சொல்ல முடியாது. அவர் ஃப்ரிட்ஜைத் திறக்கவேயில்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் "வெளியே எவ்வளவு நேரம் இருந்தது என்று தெரியவில்லை" என்று எழுதிப் பேனாவில் ஒட்டி என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

ஹைட்ரலசின் அட்டைகள் இரண்டும் ஹைட்ராக்சிசின் பெட்டிக்குள் போயின.

மறுநாள் காலை, அரிப்பு உள்ள ஒரு நோயாளிக்கு ஹைட்ராக்சிசின் 25 மி.கி. ஆர்டர். டெக்னீஷியன் பெட்டியிலிருந்து மேல் அட்டையை எடுத்து நோயாளியின் தட்டில் வைத்தார். தட்டு சரிபார்ப்புக்கு என்னிடம் வந்தது. நான் அதைப் பிடித்தேன் என்று அறிக்கையில் எழுதியிருக்கிறது. அது முழு உண்மை இல்லை. பெயரைப் படித்தேன், மனதுக்குள் "சரி" என்றும் சொல்லிக்கொண்டேன். காலாவதித் தேதி அட்டையின் ஓரத்தில் மங்கலாக இருந்ததால் வெளிச்சத்துக்குத் திருப்பினேன். அப்போதுதான் நடுவில் இருந்த மூன்று எழுத்துகள் கண்ணில் பட்டன. தேதி தெளிவாக அச்சாகியிருந்தால் அந்த அட்டை என்னைத் தாண்டியிருக்கும் என்றே நினைக்கிறேன். வார்டில் நர்ஸ் கவனித்திருக்கலாம். கவனிக்காமலும் போயிருக்கலாம்.

பெட்டியைக் கொட்டிப் பார்த்தோம். இரண்டாவது அட்டையும் கிடைத்தது. பிறகு அந்த வரிசை முழுவதையும் கொட்டினோம். வேறு கலப்பு இல்லை.

பார்கோடு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். எங்களிடம் ஸ்கேனர் உண்டு. அது படிப்பது வெளிப்பெட்டியில் இருக்கும் கோடுகளை. பெட்டியை விட்டு வெளியே வந்த இந்தத் தனி அட்டைகளில் கோடு இல்லை. திரும்பி வரும் மருந்துகளில் பெரும்பாலானவை இப்படித்தான். அதாவது, எங்கள் மருந்தகத்தில் இயந்திரம் காவல் இல்லாத ஒரே வழி, அனுபவம் மிகக் குறைந்த கைக்கு ஒப்படைக்கப்பட்டிருந்தது. ஒப்படைத்தது நான்.

மறுபடி நடித்துப் பார்த்தோம்

அடுத்த மாலை அவர் வந்ததும் தனியாக அழைத்துச் சொன்னேன். முகம் வெளிறிவிட்டது. "நான் இனிமே வரல மேடம்" என்றார். வருவதா வேண்டாமா என்பதைப் பிறகு பேசலாம், முதலில் அந்தக் கூடையை எடுத்துக்கொண்டு வா என்றேன்.

அதே கூடை, அதே அலமாரி, அன்று அவர் செய்ததை அப்படியே செய்து காட்டச் சொன்னோம். நானும் டெக்னீஷியனும் பேசாமல் நின்றோம். அட்டைகளை எடுத்தார், பெயரைப் படித்தார், ஹைட்ர வரிசைக்கு முன் போய் நின்றார். அங்கே ஒரு கணம் தயங்கி, "இந்த இடத்துலதான் கூப்பிட்டாங்க" என்றார்.

அன்று அந்த நேரத்தில் யாரோ ஒரு வார்டுக்கு உடனே ஒரு மருந்தைக் கொண்டுபோகச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். (கூப்பிட்டது நான் என்று எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.) கையில் இருந்த இரண்டு அட்டைகளையும் அலமாரி விளிம்பில் வைத்துவிட்டு ஓடினார். விளிம்பில் இடம் இருந்தது ஹைட்ராக்சிசின் பெட்டிக்கு முன்னால். திரும்பி வந்தபோது பெட்டிக்கு முன்னால் இரண்டு அட்டைகள். பெயர் பார்த்தாயிற்று, பெட்டியும் கண்டுபிடித்தாயிற்று, உள்ளே போடுவதுதான் பாக்கி என்று மனம் முடிவு செய்துவிட்டது. போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தார்.

பெரிய எழுத்து லேபிள் ஏன் உதவவில்லை என்பது இங்கே விளங்கும். அவர் இரண்டாவது முறை எதையும் படிக்கவேயில்லை. படித்துத் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் லேபிள் காப்பாற்றியிருக்கலாம். படிக்காத கண்ணுக்கு எழுத்து எவ்வளவு பெரிதாக இருந்தால் என்ன?

இந்த இடத்தில் விசாரணையை முடித்திருக்கலாம். இடையூறு காரணம், இடையூறைக் குறைக்க வேண்டும். நோயாளிப் பாதுகாப்பு வகுப்புகளில் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசனின் ஓட்டை விழுந்த பாலாடைக்கட்டிப் படத்தைக் காட்டுவார்கள்; ஒவ்வொரு துண்டும் ஒரு தடுப்பு, ஓட்டைகள் எல்லாம் ஒரே கோட்டில் வந்தால் தவறு ஊடுருவிவிடும். அந்தப் படத்தில் அம்புக்குறி வரைந்து கோப்பில் செருகியிருந்தால் போதும். ஆனால் டெக்னீஷியன் ஒரு கேள்வி கேட்டார்: "ஏம்மா, திரும்பி வந்தப்போ உனக்குக் கொஞ்சம்கூடச் சந்தேகமே வரலையா?"

வந்ததாம். லேசாக வந்ததாம். யாரையாவது கேட்கலாமா என்று தோன்றியதாம்.

"அப்புறம் ஏன் கேக்கல?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "போன வாரம் மேடம் சொன்னாங்க, இப்பல்லாம் நீ கேள்வியே கேக்கிறதில்ல, நல்லாப் பழகிட்டேன்னு."

சொன்னேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது. பாராட்டாகத்தான் சொன்னேன். நோட்டில் பார்த்தோம். முதல் வாரத்தின் இரண்டு மாலைகளிலும் 23 கேள்விகள். இரண்டாவது வாரம் 6. நான் பாராட்டிய அன்றைக்குப் பிறகு ஒன்றுகூட இல்லை.

தெரியாமை இல்லை

ஒன்பதாவது கேள்வி இங்கேதான் முக்கியமாகிறது. அந்த இரண்டு பெயர்களும் குழப்பும் என்று அவருக்கு முதல் நாளே தெரியும். கேட்டு, பதில் பெற்று, எழுதியும் வைத்திருந்தார். எனவே "பயிற்சி போதவில்லை" என்று எழுதினால் அது பொய். மேலிடத்தில் கேட்டிருந்தால் பயிற்சி நேரத்தை இரட்டிப்பாக்கச் சொல்லியிருப்பார்கள். நானும் ஒரு வகுப்பு எடுத்து, வருகைப் பதிவில் கையெழுத்து வாங்கியிருப்பேன். அடுத்த கூடையில் இதே நடந்திருக்கும்.

ஒரே கூடை, ஒரே ஆள், ஒரே மாலை. இன்சுலினுக்கு நின்றவர் மாத்திரைக்கு ஏன் நிற்கவில்லை? இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குப் புலப்பட்டது இதுதான். இன்சுலின் விஷயத்தில் சந்தேகம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு ஒரு வழி கொடுத்திருந்தோம்: காகிதம் எழுது, ஒட்டு, மேசையில் வை. யாரையும் நிறுத்திக் கேட்க வேண்டாம், தெரியாதவராகத் தெரிய வேண்டாம். மாத்திரை விஷயத்தில் இருந்த ஒரே வழி, வேலையாக இருக்கும் ஒருவரை நிறுத்திக் கேட்பது. அந்த வழியைத்தான் என் பாராட்டு அடைத்தது.

இன்னொரு விஷயமும் உண்டு. அலமாரியில் அடுக்குவதை நாங்கள் எல்லோரும் எடுபிடி வேலையாகவே நினைத்திருந்தோம். மருந்து வழங்குவது என்றால் டெக்னீஷியன் பெட்டியைத் தொடும் கணத்தில் தொடங்குகிறது என்று எண்ணம். உண்மையில் அவர் பெட்டியைத் தொடும்போது பாதி வேலை முடிந்துவிட்டது. பெட்டியில் சரியானதுதான் இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் அவர் கை போகிறது. என் கண்ணும் அதே நம்பிக்கையில்தான் "சரி" என்றது. அந்த நம்பிக்கையை வைப்பது அடுக்குகிறவர்.

மாற்றியவை, மாற்றாதவை

சில மாற்றங்கள் சுலபம். ஹைட்ரலசின் பெட்டியை அகர வரிசையை உடைத்து வேறு அலமாரிக்குக் கொண்டுபோனோம். அந்த வரிசையைக் கொட்டியபோது கூச்சப்பட வேண்டிய ஒன்றும் கண்ணில் பட்டது: ஹைட்ராக்சியூரியா கேப்ஸ்யூல் அதே அலமாரித் தட்டில் இருந்தது. அது செல்களை அழிக்கும் மருந்து. கையுறையோடு தனியாகக் கையாள வேண்டியது. தன்னார்வலர் புற்றுநோய் மருந்து அறைக்குள் நுழையக் கூடாது என்று முதல் நாளே எச்சரிக்கிறோம், மருந்தோ அவர் முழங்கைக்கு எதிரே இருந்திருக்கிறது. அன்றே இடம் மாறியது.

திரும்பி வரும் மருந்துகளை இனி தன்னார்வலர் நேராக அலமாரியில் வைப்பதில்லை. பெயர்வாரியாகப் பிரித்து வைப்பார். டெக்னீஷியன் ஒவ்வொரு அட்டையிலும் உள்ள பெயரை வாய்விட்டுப் படித்துப் பெட்டியில் போடுவார். கூடை திறந்திருக்கும் நேரத்தில் தன்னார்வலரை வேறு வேலைக்கு அழைக்கக் கூடாது. அழைத்தே ஆக வேண்டுமென்றால், கையில் இருப்பது எல்லாம் கூடைக்குத் திரும்பும். வந்து முதலிலிருந்து தொடங்குவார். இந்த விதியை அதிகம் மீறியது யார் என்று கேட்க வேண்டாம். முதல் வாரத்திலேயே இரண்டு முறை அந்த மாணவி கையை நீட்டி, "கூடை திறந்திருக்கு மேடம்" என்றார்.

குழப்பும் பெயர்களுக்கெல்லாம் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டலாம் என்றார் ஒருவர். மறுத்துவிட்டேன். பத்து பெட்டியில் ஒன்று சிவப்பாக இருந்தால் கண் நிற்கும். நாற்பது சிவப்பாக இருந்தால் சிவப்புதான் சுவர்.

எனக்கு முக்கியமாகப் பட்டது ஒரு மஞ்சள் தட்டு. தன்னார்வலர் வேலை செய்யும் மேசையில் இருக்கும். சிறு சந்தேகம் வந்தாலும் பொருள் அதற்குள் போகும், காரணம் எழுத வேண்டியதில்லை. அவர் வீட்டுக்குக் கிளம்பும் முன் ஒரு மருந்தாளுநர் தட்டைக் காலி செய்ய வேண்டும், ஒவ்வொன்றையும் அவர் முன்னிலையில். இன்சுலினுக்கு இருந்த வழியை எல்லா மருந்துக்கும் விரித்தோம், அவ்வளவுதான்.

முதல் மாலை தட்டு நிரம்பி வழிந்தது. பாதிக்கு மேல் சந்தேகமே தேவையில்லாதவை. ஒரு மருந்தாளுநர் முணுமுணுத்தார். அவர் முணுமுணுத்ததில் நியாயமும் இருந்தது, 20 நிமிடம் போயிற்று. பிறகு தட்டில் விழுபவை மாறின. தேதி போன அட்டைத் துண்டு. லேபிள் உரிந்த ஆம்பியூல், அதாவது ஊசி மருந்துள்ள சின்னக் கண்ணாடிக் குப்பி. மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை ஒன்று: மூட்டு நோய்க்கு வாரம் ஒருமுறை சாப்பிடுவது, தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து, சாதாரணக் கூடையில் வந்திருக்கவே கூடாதது. ஒரு மாலை, ஒரே நிறப் பெட்டியில் வந்த ஒரே மருந்தின் இரண்டு அளவுகள். புதுச் சரக்கில் கலந்து வந்தவை, வாங்கி வைத்த எங்கள் யார் கண்ணிலும் படாதவை.

அவர் வருவதை நிறுத்தவில்லை. ஒப்புக்கொண்ட காலம் முழுவதும் வந்தார். போகும்போது நோட்டின் நகலைக் கொடுத்துவிட்டுப் போனார். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் நான் படித்துக் காட்டுவது இப்போது அதைத்தான், ஒன்பதாவது கேள்வியையும் அதற்குப் பின் நடந்ததையும் சேர்த்து.

இப்போது வேறொரு மாணவர் வந்திருக்கிறார். கெட்டிக்காரர், வேகமான கை, எல்லோருக்கும் அவரைப் பிடித்திருக்கிறது. மூன்று மாலைகள் ஆகியும் மஞ்சள் தட்டு காலியாகவே இருந்தது. நான்காவது மாலை அவர் கூடையைத் திறந்தபோது, என் வேலையை அப்படியே விட்டுவிட்டு ஒரு நாற்காலியை இழுத்து அவர் மேசைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.